ஆளுக்கு ஒரு நாள்

ஒருவரை வெறுக்க மடிப்பக்காவுக்கு ஒரு படுக்கை விரிப்பு போதும். எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அதை எப்படி உதறுகிறார், மூலையோடு மூலையைச் சேர்க்கிறாரா, கையில் வந்ததைச் சுருட்டி அமுக்குகிறாரா என்று பார்ப்பாள். அரை நிமிடத்தில் ஆளை எடைபோட்டுவிடுவாள். அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்து மடிப்பு மேசையில் முப்பத்தொரு வருடமாக இப்படித்தான் எடைபோட்டுக்கொண்டிருக்கிறாள். தேறியவர்கள் சொற்பம். கடந்த பத்து வருடத்தில் வேலைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்களில் ஒருத்தி அவளுடைய மருமகள்.

ஓய்வுபெற அவளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சலவைக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஓய்வுபெறும் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, உணவு இடைவேளைக்குப் பிறகு, வெள்ளைத் தலையணை உறை ஒன்று கூடத்தைச் சுற்றி வரும். ஊறல் தொட்டிகளில் தொடங்கி, துவைக்கும் எந்திரங்கள், உலர்த்திகள், உருளை இஸ்திரி என்று போய் மடிப்பு மேசையில் முடியும். ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் அதற்குள் விழும். இதற்குப் பேர் ‘ஒரு நாள் போடுறது’. மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கும் எழுதிவைத்ததும் இல்லை. வாங்கியவர் முன்பு போட்டவர், போடுகிறவர் பின்னால் வாங்கப்போகிறவர், அவ்வளவுதான்.

அவள் சேர்ந்தபோது கூடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். யாராவது வங்கியில் பணம் சேர்க்கச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். “எனக்கு எதுக்குச் சேமிப்பு? இருநூறு பேரு எனக்காகச் சேத்துக்கிட்டு இருக்காங்க” என்பாள். கணவன் போனதைத் தாங்கியதும் மகனைப் படிக்கவைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். இதற்கிடையில் பெரிய எந்திரங்கள் வந்தன. பாதித் துணி வெளியே துவைக்கப் போயிற்று. போனவர்கள் இடத்துக்கு நிரந்தர ஆள் யாரும் வரவில்லை. வந்த சிலரும் ஒப்பந்தத்தில் வந்தார்கள். இப்போது அவளைத் தவிர முப்பத்தேழு பேர். அதில் நிரந்தரம் எட்டு. மீதி இருபத்தொன்பதும் ஒப்பந்தம்.

இருநூறு நாள் முப்பத்தேழு நாளாகிவிட்டது என்பதை விழுங்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. விழுங்கியபின் ஒரு கணக்குப் போட்டாள். மருந்துக்கடைக்கு மேலே, தனிப்படியோடு ஓர் அறை காலியாக இருந்தது. சன்னல் தெருவைப் பார்க்கும். குளியலறை உள்ளேயே. மாத வாடகையை ஓய்வூதியத்தில் கட்டிவிடலாம். நாலு மாத வாடகை முன்பணம் கேட்டாள் வீட்டுக்காரி. முப்பத்தேழு பேரும் போட்டால் அது சரியாக வரும். எட்டுப் பேர் மட்டும் போட்டால் ஒரு மாதத்தோடு நின்றுவிடும். “மாசக் கடைசி வரைக்கும்தான் நிறுத்திவைப்பேன்” என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

அறையைப் பற்றி அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. பேச்சை எடுத்தது மருமகள்தான், ராத்திரிச் சாப்பாட்டில்.

“அத்தை, ஒண்ணாந் தேதியிலேர்ந்து குழந்தைங்க காப்பகத்துக்குப் பணம் கட்டப்போறதில்ல. சொல்லியாச்சு.”

“யார்கிட்ட சொன்ன?”

“காப்பகத்துல.”

“என்கிட்ட?”

“இப்பச் சொல்றேன்ல.”

மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நீ வீட்லதானேம்மா இருக்கப் போற” என்றான்.

அவன் எப்போதும் இப்படித்தான். மனைவி கதவைத் திறந்து வைப்பாள். இவன் பின்னால் செருப்பில்லாமல் வருவான். மிச்சமாகும் காப்பகப் பணம் எங்கே போகும் என்று மடிப்பக்கா கேட்டாள். மருமகள் மறைக்கவில்லை. இருவர் பேரிலும் ஓய்வுக்காலச் சேமிப்பு தொடங்கியிருக்கிறார்களாம். மாதாமாதம் கட்ட வேண்டுமாம்.

“முப்பது வயசுல அறுபதை நினைச்சு அழுவுறீங்களா? கேக்கவே நல்லாருக்கு.”

“அறுபதுல முப்பது வயசுக்காரங்ககிட்ட கையேந்தக் கூடாதுன்னுதான் அத்தை.”

குழந்தை கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. மடிப்பக்கா தண்ணீரைக் குடித்தாள், டம்ளரை வைத்தாள், பிறகு அறையைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாக, வாடகை, முன்பணம், தேதி மூன்றையும்.

மருமகள் தட்டை ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் சிரித்துவிட்டாள். “அப்ப என் காசுல ஏணி வாங்கி, என் வீட்டுச் சுவத்துலயே சாத்தி, நீங்க இறங்கிப் போயிடுவீங்க. நல்லாருக்கே! நான் போடமாட்டேன் அத்தை. நான் மட்டுமில்ல, ஒப்பந்தக்காரங்க யாருமே இந்தத் தடவை போடறதில்லன்னு பேசிட்டு இருக்கோம்.”

“நானும் முப்பத்தொரு வருஷம் போட்டேன்டி.”

“போட்டீங்க. உங்களுக்குப் போட ஆள் இருக்குன்னு போட்டீங்க. எங்களுக்கு யாரு இருக்கா?”

மகன் எழுந்து கை கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

மறுநாள் பாய்லர்காரர் மடிப்பு மேசைக்கு வந்தார். தலையணை உறையைச் சுற்றுக்கு விடுவது இருபது வருடமாக அவர் பொறுப்பு. அவளுக்குப் பின் ஓய்வுபெறப்போவது அவர்தான், அவள் போன ஐந்தாம் மாதம். காலையில் ஒப்பந்தக்காரர்கள் அவரிடம் தங்கள் முடிவைச் சொல்லியிருந்தார்கள்.

“உன் மருமகளை நீதான் இங்க கொண்டாந்து சேத்த” என்றார் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் எடுத்துச் சொல்லு, தங்கச்சி. உனக்கு நின்னுச்சுன்னா எனக்கும் நின்னுடும்.”

அவருக்கு எப்போதுமே அவருடைய கவலைதான். இருந்தாலும் அதை மறைக்கத் தெரியாததால் அவரை அவள் பாதி மன்னித்திருந்தாள்.

உணவு இடைவேளையில் அவளே உலர்த்திப் பக்கம் போனாள். சுருட்டைத் தலையன் ஒருவன் அங்கே துணி வண்டிமேல் கால்நீட்டிப் படுத்திருந்தான். பெயரே சுருட்டை என்றாகிவிட்டவன். பஞ்சு வடிகட்டியைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நூறுமுறை சொல்லியும் செய்யாதவன். எந்திரம் ஒருநாள் தீப்பிடிக்கும், இவன் அதில் பீடி பற்றவைப்பான் என்று அவள் சொல்வதுண்டு.

“நீ எழுந்திருக்காட்டி பரவாயில்ல, காது மட்டும் குடு” என்றாள். “போடமாட்டீங்களாமே?”

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒன்பது வருஷம் முன்னாடி ஊறல் தொட்டிக்காரம்மா ஒருத்தங்க இடுப்பு போயி நின்னாங்களே, ஆறு வருஷம் வேலை பாத்தவங்க. அவங்களுக்கு உறை சுத்துச்சா?”

“அவ ஒப்பந்தம்.”

“ஆறு வருஷமும் எல்லாருக்கும் போட்டாங்களாம்.”

“போடுறது வேற, வாங்குறது வேற.”

“அது யாரு சொன்னது?”

யார் சொன்னது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று அதே உலர்த்திகளுக்கு முன்னால் நின்று, ஒப்பந்தக்காரர்கள் இன்று வந்து நாளை போகிறவர்கள், அவர்களுக்கெல்லாம் உறையைச் சுற்றவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பேசியவள் மடிப்பக்கா. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். அவளுக்கு விரிப்பு மடிக்கத் தெரியாது என்பது மட்டும்தான் மடிப்பக்காவுக்கு அன்றைக்கு நினைவில் இருந்தது.

“அப்ப இருந்த நிலைமை வேற” என்றாள்.

“அதேதான்கா நாங்களும் சொல்றோம்” என்றான் சுருட்டை. படுத்தபடியே.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது மருமகள் அவளுக்கு ஈடாக நடந்து வந்தாள். இருவரும் ஒரே வேலைநேரம். பேசாமல் நடந்து பழகியவர்கள். பாதி வழியில் மருமகள், “வாங்கிட்டுப் போனவங்கள்ல யாராவது வெளிய போனப்புறம் ஒரு நாள் போட்டிருக்காங்களா அத்தை? இருநூறு பேர்கிட்ட வாங்கினவங்க எத்தனையோ பேர் ஊருக்குள்ள இருக்காங்க. எங்ககிட்டக் கேக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்களேன்” என்றாள்.

வீம்புக்குத்தான் மடிப்பக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். அவளுக்கு முன்னால் மடிப்பு மேசையின் தலைப்பக்கம் நின்றவள் மூன்றாம் மாடியில், பெரிய வீட்டில், இரண்டு பூனைகளோடு இருந்தாள். மடிப்பக்காவுக்கு வேலை சொல்லிக்கொடுத்த கைகள் இப்போது மோதிரம் இறங்காத அளவு தடித்திருந்தன. தேநீர் வந்தது. பூனைகளின் உடல்நலம் பற்றி விரிவாகக் கேட்க வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கிழவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீ எனக்குப் போட்ட. நான் எனக்கு முன்னாடி போனவங்களுக்குப் போட்டேன். நம்ம கணக்கு தீந்துடுச்சேம்மா.”

“கணக்கு கேக்கல. கூடத்துல ஆளே இல்ல. அதனாலதான்...”

“ஆள் இல்லாததுக்கு நான் என்ன பண்ணட்டும்? நான் இருக்கும்போது இருந்தாங்க.” பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “இப்பல்லாம் சின்னவங்களுக்கு மனசே இல்ல, இல்லியா?”

மடிப்பக்கா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கிழவியின் குரலில் தன் குரல் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அதன் சொந்தக்காரியைப் பிடிக்காமல் போயிற்று. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அடுத்து நாலு பேருக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். இரண்டு பேர் கையை விரித்தார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அவளுடைய உடம்பை விசாரித்துவிட்டு, பேரன் அழைக்கிறான் என்று வைத்துவிட்டார்.

கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, பாய்லர்காரர் எல்லோரையும் உருளை இஸ்திரிக்குப் பக்கத்தில் கூட்டினார். எந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். இயங்கும்போது கேட்காத சொட்டுச் சத்தங்களெல்லாம் அப்போது கேட்டன. மருமகள் ஒப்பந்தக்காரர்களின் நிபந்தனைகளைத் துணிக்கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சத்தமாக வாசித்தாள். ஒப்பந்தக்காரர்கள் இந்தத் தடவை முழு நாள் போடுவார்கள். ஆனால் இன்றிலிருந்து நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பாகுபாடு கிடையாது. ஒரு வருடம் வேலை பார்த்த எவர் வேலையை விட்டாலும் உறை சுற்றும். வாங்கிக்கொண்டு ஓய்வுபெறுகிறவர்களும் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போட வேண்டும். எல்லோரும் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்து மடிப்பக்காவுடையது.

கைதட்டினார்கள். சுருட்டை விசிலடித்தான்.

மடிப்பக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்து அழகாக இருந்தது; படித்த பெண். ஒரு வருடம் வேலை பார்த்த எவர் விட்டாலும். அந்த வரியில் அவள் கண் நின்றது. நிரந்தரக்காரர்கள் ஐந்து மாதத்துக்கு ஒருவர், வருடத்துக்கு ஒருவர் என்று போகிறவர்கள். ஒப்பந்தக்காரர்கள் அப்படியா? புதியவர்களுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அவளுக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. வருடம் முடித்தவர்களிலேயே மாதத்துக்கு இரண்டு பேர் போவார்கள். சில மாதம் மூன்று. அப்படியென்றால் இங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் இரண்டு நாள், மூன்று நாள் சம்பளம் போகும். மூன்று மாதம் தாங்குவார்களா? அதற்குள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பார்கள். உறை அதோடு பீரோவுக்குள் போய்விடும். பாய்லர்காரர் ஓய்வுபெறும்போது அது வெளியே வராது.

யாருக்கும் இது உறைக்கவில்லை. அத்தனை பேரும் நியாயத்தை எழுதினார்கள், ஒருவர்கூட ஆள் கணக்கை எண்ணவில்லை. மருமகளும்தான். அறுபது வயதுக்கு இன்றே திட்டம் போடுகிறவளுக்கு அடுத்த மூன்று மாதம் தெரியவில்லை.

‘ஐந்து வருடம் வேலை பார்த்தவர்’ என்று ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், எல்லாம் நின்று நடக்கும். ஆனால் மாற்றச் சொன்னால் பேச்சு வரும். நாலு வருடம் பார்த்தவன் குதிப்பான். இன்று, நாளை என்று இழுக்கும். வெள்ளிக்கிழமை போய்விடும். மாதக் கடைசியும் போய்விடும். மருந்துக்கடைக்கு மேலே வேறு யாராவது சன்னலைத் திறப்பார்கள்.

அவள் தலையைத் தூக்கினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது. இருபது சொட்டாவது விழுந்திருக்கும்.

“என்ன தங்கச்சி, ஏதாவது சொல்லணுமா?” என்றார் பாய்லர்காரர்.

“பேனா குடுங்க” என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். அடுத்துப் பாய்லர்காரர் போட்டார், ஆசுவாசமாக, பெயருக்குக் கீழே கோடெல்லாம் இழுத்து. மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்று அவளுக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. தன் காரியத்தில் பதறுகிறவனுக்குத் தன் காரியத்தைக் கணக்குப் பார்க்கக்கூடத் தெரியவில்லையே.

அன்று மாலை நடக்கும்போது மருமகள் அவளை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவீங்கன்னு நினைக்கல அத்தை.”

“நியாயமா எழுதியிருந்த. ஒத்துக்கிட்டேன்.”

“நீங்களா!”

“ஏன், எனக்கு நியாயம் ஒத்துக்காதா?”

மருமகள் மிச்ச வழி முழுக்க எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தேழு பேரும் போட்டார்கள். முன்பணம் சரியாக இருந்தது. மகன் அவளுடைய கட்டிலையும் இரண்டு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினான். இறக்கிவிட்டு, காப்பகத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருப்பதைச் சொன்னான். சேமிப்பை நிறுத்தியாயிற்றாம். “அறுபதுக்கு இன்னும் நாள் இருக்குடா” என்று அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

முதல் மாதக் கடைசியில் மருமகள் படியேறி வந்தாள், தாளோடு. இரண்டு பேர் வேலையை விட்டிருந்தார்கள். மடிப்பக்கா ஓய்வூதியத்தில் இரண்டு நாளை எண்ணிக் கொடுத்தாள். இரண்டாம் மாதம் மூன்று பேர். மருமகள் உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“அந்தச் சுருட்டை இருக்கானே அத்தை, வேலையை விட்டான். உறை சுத்தினோம். வாங்கிட்டுப் போயி, அடுத்த திங்கக்கிழமை வேற ஒப்பந்தக்காரன் மூலமா அதே உலர்த்தியிலயே வந்து நிக்கறான். ‘வருஷா வருஷம் ஓய்வுபெறப் போறேன்’னு சொல்லிச் சிரிக்கறான்.”

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கூடத்தில் ஒருவன் மூளையைப் பயன்படுத்தியதை அப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

மருமகள் சிரிக்கவில்லை. “உங்களுக்குத் தெரியும்” என்றாள். “அன்னைக்கே தெரியும். அந்தத் தாளை வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் நின்னீங்க.”

“நீ எழுதின தாளு.”

“ஆமா. நான் எழுதினேன், நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க.” காசை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். போட வேண்டியதைப் போட்டுவிட்டவரை அந்தப் பண விஷயத்தில் மருமகள் குறை சொல்வதில்லை. அந்த நேர்மையும் மடிப்பக்காவை எரிச்சல்படுத்தியது.

மூன்றாம் மாதம் யாரும் வரவில்லை. மாதக் கடைசியில் மூன்று நாள் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலாம் நாள் திருப்பி எடுத்து வைத்துவிட்டாள். கூடத்தில் அடிதடிக்குப் போய்விட்டதாகவும், உறைப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் எழுந்து போகிறார்கள் என்றும் மகன் வந்து சொன்னான்.

ஐந்தாம் மாதக் கடைசி நாள், வேலைநேரம் முடியும்போது, அவள் மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போய் நின்றாள். பாய்லர்காரர் தனியாக வந்தார். கையில் சாப்பாட்டுப் பாத்திரமும், நிர்வாகம் கொடுத்த சுவர்க்கடிகாரமும். அவளைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. அருகே வந்து நின்றார். இரண்டு பேரும் வெளியே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அறை எப்படி இருக்கு?” என்றார்.

“வெளிச்சமா இருக்கு.”

“ம்.” கடிகாரத்தைக் கைமாற்றிக்கொண்டார். “உன் மருமக சொல்லிச்சு. உனக்கு அன்னைக்கே தெரியுமாமே.”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை என் காதுல போட்டிருக்கலாம்.”

“போட்டிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? அங்கேயே கத்தியிருப்பீங்க.”

“கத்தியிருப்பேன்” என்று ஒப்புக்கொண்டார். “எனக்கு இருக்கறது மக வீட்டு வராந்தாதான், தங்கச்சி. உனக்குத் தெரியாதது இல்ல.”

அவளுக்குத் தெரியும். அவள் உறையை நீட்டினாள், சாதாரணத் தபால் உறை. ஒரு நாள் ஓய்வூதியம் உள்ளே இருந்தது. அதை நீட்டும்போது இவர் இதைத் தட்டிவிடுவார், முகத்தில் எறிவார், குறைந்தபட்சம் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தாள். அதற்காகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். அப்படி அவர் செய்திருந்தால் அவரை வாழ்நாள் முழுக்க மதிக்க வேண்டியிருந்திருக்கும்.

பாய்லர்காரர் கடிகாரத்தைத் தரையில் வைத்தார். உறையைப் பிரித்தார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு நிதானமாக எண்ணினார். “சரியா இருக்கு” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது; இவரை மதிக்க வேண்டியதில்லை.